இறால் குட்டைக் கருவிக்குத் தாவரப் படலம் தாங்குமா?

1 | அலையாத்தி

நாகப்பட்டினம் பக்கத்து இறால் குட்டைகளில் நீரின் வெப்பநிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவிகளை நானும் என் தம்பியும் செய்து கொடுத்து வருகிறோம். வெற்றுப் பலகையை வெளியில் அச்சிட்டு வாங்கி, உதிரிபாகங்களைப் பட்டறையிலேயே பற்றவைத்து, அக்ரிலிக் பூச்சைத் தெளித்து, பெட்டிக்குள் அடைத்து விற்கிறோம். கடந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு 60 கருவிகளில் 11 திரும்பி வந்துவிட்டன. பூச்சு வழியாக ஈரம் புகுந்துவிட்டது என்பதே எங்கள் கணிப்பு.

இந்த நேரத்தில் பண்ணையாளர் குழு ஒன்று மொத்தமாக வாங்க முன்வந்திருக்கிறது. பூச்சும் பொதிப் பையும் இயன்றவரை தாவர மூலப்பொருளால் ஆனவையாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கேட்கும் ஒரே நிபந்தனை. பி.எல்.ஏ., நானோ செல்லுலோஸ், கார்னாபா மெழுகு, அரக்கு என்று பல பெயர்களைப் படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. அக்ரிலிக் பூச்சுக்குப் பதிலாகவும், அலுமினியம் ஒட்டிய பைக்குப் பதிலாகவும் வைக்கத்தக்க தாவரப் படலம் எதுவும் உண்டா? பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2 | ஈயப்பற்று

நண்பர் அலையாத்தி அவர்களுக்கு வணக்கம். இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். பையின் வேலை வேறு, பூச்சின் வேலை வேறு. நான் ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன் என்பதால் பையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

சில்லுகளின் கறுப்பு உடல் எபாக்சிப் பிசினால் வார்க்கப்பட்டது. அது காற்றிலுள்ள நீராவியை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈயமில்லாத சால்டர் உருகும் அடுப்பில் வெப்பம் 245 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. 260 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 46 மடங்கு. உள்ளே சிக்கிய ஈரம் அந்த நொடியில் சில்லின் உடலைப் பிளந்துவிடும். தொழிலில் இதற்குப் பாப்கார்ன் என்றே பெயர். இதைத் தடுக்கத்தான் சில்லுகளை அலுமினியப் பைக்குள், சிலிக்கா ஜெல் அல்லது களிமண் பொட்டலத்தோடும் ஈரப்பதம் காட்டும் அட்டையோடும் அடைத்து அனுப்புகிறார்கள். ஈரத்தால் கெடும் தன்மையைக் கொண்டு சில்லுகளைத் தரம் பிரிப்பதில் மூன்றாம் நிலைச் சில்லு என்றால், பையைப் பிரித்தபின் 30 டிகிரிக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில் 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிடவேண்டும். மழைக்காலத்துக் கடலோரப் பட்டறையில் அந்த 60 விழுக்காடு எத்தனை நாள் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஜே-எஸ்டிடி-033 தரநிலை அந்தப் பைக்கு வைத்துள்ள வரம்பு, 40 டிகிரி வெப்பத்தில் 100 சதுர அங்குலத்துக்கு நாளொன்றுக்கு 0.002 கிராம் நீராவி. மெட்ரிக்கில் சதுர மீட்டருக்கு 0.031 கிராம். அதுவும் பையைப் பலமுறை மடக்கிக் கசக்கியபின் எடுக்கும் அளவு. 20க்கு 30 சென்டிமீட்டர் பைக்கு இருபுறமும் சேர்த்து 0.12 சதுர மீட்டர் பரப்பு. அதன் வழியாக ஓர் ஆண்டு முழுவதும் புகக்கூடிய ஈரம் ஒன்றரை கிராமைத் தொடாது. சிறு பொட்டலம் ஒன்று அதை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் கவனியுங்கள்: இந்தப் பாதுகாப்பு பற்றவைப்பதற்கு முந்தைய சில்லுக்குத்தான் உரியது. பற்றவைத்து முடித்து, பூச்சும் அடித்து, பெட்டிக்குள் அடைத்த கருவிக்கு இந்தப் பை தேவையே இல்லை. அட்டைப் பெட்டியும் உராய்வு மின்னேற்றத்தைத் தடுக்கும் ஓர் உறையும் போதும். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் கேட்பதில் பாதியை அலுமினியப் பையைக் கைவிட்டே நிறைவேற்றிவிடலாம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். திரும்பி வந்த 11 பலகைகளிலும் செம்பு அரித்த பச்சைக் களிம்பு முதலில் எங்கே பூத்திருந்தது? நடுவிலா, ஓரத்திலா, கம்பி நுழையும் இடத்திலா?

3 | மூலக்கூறு

ஈயப்பற்று அவர்கள் பையைப் பிரித்து வைத்தது நல்லதாயிற்று. படலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பலபடிகளோடு, அதாவது பாலிமர்களோடு, இருபது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறவன்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதை வைத்துக்கொண்டு, 'நீர் ஒட்டாத பூச்சு ஈரத்தைத் தடுக்கும்' என்று எண்ணுவதுதான் இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள் அனைவரும் செய்யும் முதல் பிழை. துளியாக உருளும் நீர் வேறு, தனித்தனி மூலக்கூறாகக் காற்றில் அலையும் நீராவி வேறு. நீராவி படலத்தின் ஒரு முகத்தில் கரைந்து, உள்ளே மூலக்கூறுச் சங்கிலிகளின் இடைவெளிகளில் தாவித்தாவி, மறுமுகத்தில் வெளியேறுகிறது. எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டின் பெருக்கல்தான் ஊடுருவல். சிலிக்கோன் ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன்மேல் நீர்த்துளி முத்துப்போல உருளும், ஆனால் நீராவி அதற்குள் திறந்த கதவில் நுழைவதுபோல நுழையும். அப்படியிருந்தும் மின்சுற்றுப் பலகைக்கான மிகச் சிறந்த பூச்சுகளில் சிலிக்கோனும் ஒன்று. ஏன் என்ற கேள்வியில்தான் உங்கள் சிக்கலுக்கான விடையும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். பி.எல்.ஏ. என்பது மக்காச்சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்தைக் கோத்து எடுக்கும் பாலிஎஸ்டர். 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பி.எல்.ஏ. படலம், 38 டிகிரி வெப்பத்திலும் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் நீராவியை விட்டுவிடும். தடிமனை நான்கு மடங்காக்கி 100 மைக்ரோமீட்டரில் மேலே சொன்ன அதே அளவுப் பையைத் தைத்தால் நாளொன்றுக்கு 9 கிராம். அலுமினியப் பை ஆறு ஆண்டுகளில் விடுவதைக் காட்டிலும் அதிகமான ஈரத்தை இது ஒரே நாளில் உள்ளே விட்டுவிடுகிறது. சாதாரணப் பாலித்தீன் உறை இந்த வகையில் பி.எல்.ஏ.வைவிடப் பதினைந்து மடங்கு மேல்.

நானோ செல்லுலோஸ் பற்றிய ஆர்வம் எனக்கும் உண்டு. டோக்கியோவில் அகிரா இசோகாய் குழுவினர் மர நாரை வேதிமுறையில் தனித்தனி நுண்ணிழைகளாகப் பிரித்துக் காட்டியதும், அதற்காக 2015இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றதும், கியோட்டோவில் 2009இல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நுண்ணிழைத் தாள் செய்யப்பட்டதும் உண்மையிலேயே பெரிய வேலைகள். அந்தத் தாள் உலர்ந்திருக்கும்போது ஆக்சிஜனை அருமையாகத் தடுக்கும். ஆனால் செல்லுலோஸின் உடலெங்கும் நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள். ஈரப்பதம் ஏறியதும் இழைகள் உப்பி விலகிக்கொள்ளும். ஆக்சிஜனுக்குப் பூட்டிய கதவு, நீராவிக்கு ஈரத்துணி.

மெழுகின் கதை வேறு. இலைகளின் மேல்தோலில் நீரை உண்மையாகத் தடுப்பது கியூட்டின் என்ற பாலிஎஸ்டர் வலை அல்ல. அதற்குள்ளும் அதன்மேலும் படிந்திருக்கும் மெழுகுப் படிகங்களே. மெழுகை மட்டும் கரைத்தெடுத்துவிட்டால் அந்தத் தோல் வழியாக நீர் வெளியேறுவது பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குவரை கூடிவிடுகிறது. ஆக, தாவரங்கள் கண்டறிந்த மிகச் சிறந்த ஈரத்தடுப்பு மெழுகுதான். கார்னாபா என்ற பனை வகையின் இலைமெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள்ளும் அது தாக்குப்பிடிக்கும். ஆனால் அது மொறுமொறுப்பானது. இலைக்கு வளைந்துகொடுக்கும் கியூட்டின் வலை கீழே இருக்கிறது; உங்கள் பலகையில் அது இல்லை. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உலோகமும் மெழுகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, சில்லின் கால்களைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புக்குள் உப்புநீர் புகுந்தால், பூச்சே இல்லாத பலகையைவிட மோசமாகும்.

4 | கடற்கரைக்காரன்

அலுமினியமும் அக்ரிலிக்கும் நன்றாகத்தானே வேலை செய்கின்றன? ஒரு பலகைக்கு இரண்டு மூன்று கிராம் பூச்சு. குட்டையில் மிதக்கும் காற்றேற்றியின் துடுப்பும் மிதவையும் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக். இந்த இரண்டு கிராமை மாற்றி என்ன ஆகிவிடப்போகிறது?

5 | குவளை

கடற்கரைக்காரன் ஐயா சொல்வதில் நியாயம் இருந்தாலும், வாங்குகிறவர் கேட்கும்போது அளந்து பார்த்துப் பதில் சொல்வது நல்லதல்லவா? நான் கோவையில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். என் ஆய்வேடே இந்த அளவீடுதான் என்பதால், வீட்டிலேயே செய்யக்கூடிய முறையையும் அது எங்கே காலை வாரிவிடும் என்பதையும் எழுதுகிறேன்.

நீராவி ஊடுருவலை அளக்கும் ஏஎஸ்டிஎம் இ96 என்ற தர முறையின் சாரம் எளியது. எவர்சில்வர் குவளைக்குள் நன்றாக வறுத்துக் காயவைத்த சிலிக்கா ஜெல்லை நிரப்பி, வாயில் படலத்தை மூடி, விளிம்பை உருக்கிய மெழுகால் அடைத்து, ஈரப்பதம் மாறாத பெட்டிக்குள் வைத்து, நாள்தோறும் எடை பார்க்கவேண்டும். எடை கூடுவதே படலத்தைக் கடந்த நீராவி. முதல் மூன்று வாரம் எனக்கு வந்த எண்கள் எல்லாம் குப்பை. எந்தப் படலத்தை வைத்தாலும் ஒரே மாதிரி எடை ஏறியது. பிறகு வழிகாட்டி சொன்னபடி, படலத்துக்குப் பதிலாகத் தடித்த அலுமினியத் தகட்டை ஒட்டி ஒரு குவளையை வைத்துப் பார்த்தேன். அதிலும் எடை ஏறியது! மெழுகு ஆறும்போது சுருங்கி, குவளையின் விளிம்பிலிருந்து நகக்கண் அளவுக்கு விலகியிருந்தது. பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, விளிம்பைச் சூடாக்கிக்கொண்டு ஊற்றிய பிறகுதான் தகட்டுக் குவளையின் எடை அசையாமல் நின்றது. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தகட்டுக் குவளை கட்டாயம் இருக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. 7 சென்டிமீட்டர் வாயுள்ள குவளையின் பரப்பு 0.00385 சதுர மீட்டர். என் தராசு 0.01 கிராம் வரை காட்டும். அப்படியென்றால் ஒரு நாளில் என்னால் காணக்கூடிய மிகக் குறைந்த ஊடுருவல் சதுர மீட்டருக்கு 2.6 கிராம். பி.எல்.ஏ.வை மறுநாளே அளந்துவிடுவேன். ஆனால் ஈயப்பற்று ஐயா சொன்ன 0.031 கிராம் பையை வைத்தால், தராசின் கடைசி இலக்கம் ஒருமுறை நகர்வதற்கே 84 நாள் காத்திருக்கவேண்டும். அதற்கு அகச்சிவப்பு உணரி கொண்ட கருவிகள் தேவை. வளையும் ஓஎல்இடி திரைக்குக் கேட்கப்படும் 0.000001 கிராமுக்கு அவையும் போதாமல், கண்ணாடிமேல் பூசிய கால்சியம் பளபளப்பை இழந்து ஒளி ஊடுருவத் தொடங்குவதைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணை ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு கிரவுண்டு மனையின் அளவுக்கு அந்தப் படலத்தை விரித்து வைத்தாலும் ஓர் ஆண்டில் அதைக் கடக்கும் நீர் இரண்டு துளிக்கும் குறைவு.

ஆகவே யாராவது 'எங்கள் தாவரப் படலம் மின்னணுத் தரம்' என்று சொல்லி விற்றால், எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில், எந்த முறையில், எத்தனை தடிமனுக்கு அளந்த எண் என்று கேளுங்கள். 23 டிகிரியும் 50 விழுக்காடும் என்று பதில் வந்தால், அது நாகப்பட்டினத்துக் கார்த்திகைக்கு உதவாது.

6 | ஓட்டெண்ணெய்

பண்ருட்டிக்காரனாகிய நான் இதில் பேசாமல் இருந்தால் ஊர் மன்னிக்காது. வண்ணப்பூச்சு வேதியியலில் முப்பது ஆண்டு.

மூலக்கூறு அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீராவியைத் தாராளமாக விடும் சிலிக்கோன் எப்படி நல்ல பூச்சாகிறது? பலகையைக் கெடுப்பது நீராவி மட்டுமல்ல. பலகையின் இரண்டு செம்புத் தடங்களுக்கு இடையே தொடர்ச்சியான நீர்ப்படலம் வேண்டும், அதில் அயனிகள் கரைந்திருக்கவேண்டும், மின்னழுத்தம் இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் உலோகம் கரைந்து எதிர்முனைக்குப் போய் மரக்கிளைபோல் வளர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும். பூச்சு பலகையோடு இம்மியும் இடைவெளியின்றிப் பற்றியிருந்தால், உள்ளே வரும் நீர் மூலக்கூறுகள் ஒன்றுகூடிப் படலமாவதற்கு இடமே கிடைக்காது. ஆகவே பலகைப் பூச்சுக்கு ஊடுருவல் எண் இரண்டாம் பட்சம். ஒட்டுதலும், அடியில் சிக்கிய அழுக்கும்தான் முதல். இந்த ஒரு வேறுபாடு தெரிந்துவிட்டால் தாவரப் பொருட்களுக்கான வாசல் தானாகத் திறக்கிறது. ஏனென்றால் ஊடுருவலில் தோற்கும் தாவர எண்ணெய்கள் ஒட்டுதலில் தோற்பதில்லை.

சொல்லப்போனால் மின்னணுவியலில் தாவரம் புதுமுகமே அல்ல. பற்றவைக்கும்போது மூக்கில் ஏறும் ரோசின் புகை பைன் மரத்துப் பிசின்தான். அந்தப் பிசின் ஆறியதும் கண்ணாடிபோல் உறைந்து, செயலூக்கி அமிலத்தின் மிச்சத்தைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். பழைய வானொலிப் பலகைகளைக் கழுவாமலே விட்டும் அவை பல்லாண்டு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் பன்னிரண்டாம் கார்பனில் இயற்கையே ஒரு ஹைட்ராக்சிலை வைத்திருக்கிறது. அதனால் ஐசோசயனேட் என்ற இறுக்கும் வேதிப்பொருளோடு நேரடியாக வினைபுரிந்து பாலியுரிதேன் ரப்பராக இறுகும். நீண்ட எண்ணெய்ச் சங்கிலி நீரை வெறுக்கும். ரப்பர்த்தன்மை வெப்ப விரிவைத் தாங்கும். மின்கருவிகளுக்குள் ஊற்றி நிரப்பும் கலவைகளில் இது பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. 'தாவரம்' என்று யாரும் விளம்பரம் செய்யாததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவே. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரே வளாகத்தில் ஆராயப்படும் இரு பயிர்களில் ஒன்றின் மாவு நீரைக் கண்டால் கூழாகிவிடும், மற்றதன் எண்ணெய் நீரை அண்டவிடாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்தது எங்கள் முந்திரி. கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும், கைபட்டால் தோல் உரியும் அந்தக் கறுத்த எண்ணெயைச் சூடாக்கிக் காய்ச்சி வடித்தால் கார்டனால் கிடைக்கும். ஒருபுறம் ஃபீனால் வளையம், மறுபுறம் 15 கார்பன் வால். வளையம் உலோகத்தோடு ஒட்டும். வால் நீரைத் தள்ளும். இதிலிருந்து செய்யும் ஃபீனால்கமின் என்ற இறுக்கி, எபாக்சியைக் குளிரிலும் ஈரமான பரப்பிலும்கூட இறுகச்செய்யும் என்பதால் கப்பல் அடிப்பூச்சுகளில் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே குறை நிறம்: தேன் நிறத்தில் தொடங்கிச் செந்நிறத்துக்கு மாறும். பலகையின் எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும்.

ஆளிவிதை எண்ணெய் பக்கம் மட்டும் போகாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், உலர் எண்ணெய் வார்னிஷைச் சில சோதனைப் பலகைகளில் பூசி வைத்தேன். நான்கே மாதத்தில் செம்பு தெரியும் ஒவ்வொரு ஓரத்திலும் பாசிபோல ஒரு பச்சை விளிம்பு. அது பாசியல்ல, எண்ணெய் காற்றில் இறுகும்போது உண்டான அமிலங்கள் செம்பைத் தின்று செய்த செம்புச் சோப்பு. பாதுகாக்க வந்த பூச்சே அரித்தது. அதன்மேல் பூஞ்சையும் ஏறிவிட்டது. அதற்கு அது தின்பண்டம். அதனால் எந்தத் தாவர எண்ணெயை எடுத்தாலும் அதில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காட்டும் அமில எண் என்ன என்று கேளுங்கள், பூஞ்சைச் சோதனை செய்யுங்கள்.

அரக்கைப் பற்றியும் ஒரு சொல். அது தாவரம் அல்ல, பூச்சி சுரப்பது. பட்டியலில் தாவரம் என்று எழுதிவிடாதீர்கள்.

7 | அலையாத்தி

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஈயப்பற்று அவர்கள் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாமல் இரண்டு வாரம் கழித்து வருகிறேன், ஏனென்றால் பார்த்ததை முதலில் நானே நம்பவில்லை.

11 பெட்டிகளையும் வரிசையாகத் திறந்து வைத்தேன். ஒன்பதில் பலகையின் நடுப்பகுதி புதிதுபோல் இருந்தது. பச்சை முழுவதும் உணரிக் கம்பி பற்றவைக்கப்பட்ட மூன்று புள்ளிகளைச் சுற்றி, கட்டைவிரல் அகலத்துக்குள் மட்டும். பெட்டியின் ரப்பர் வளையம் உலர்ந்தே இருந்தது. பிறகு தம்பிதான் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கச் சொன்னான். உறையைக் கீறினால் உள்ளே பல இழைச் செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வெட்டினாலும் அதே பச்சை, ஒரு முழத்தில் வெட்டினாலும் அதே. குட்டைக்குள் மூழ்கிக் கிடக்கும் உணரியின் முனையில் எங்கோ ஒரு கீறல் விழுந்து, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்புநீர் இழைகளுக்கு இடையே ஏறிப் பலகைவரை வந்திருக்கிறது. நான் மாதக்கணக்காகப் பூச்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற இரண்டில் மட்டும் சில்லின் கால்களுக்கு இடையே வெள்ளைப் படிவும், பூச்சில் சிறு கொப்புளங்களும் இருந்தன.

8 | ஈயப்பற்று

நான் சந்தேகப்பட்டதும் அந்த இடத்தைத்தான். மின்கம்பி வழியாக ஈரம் ஏறுவது தொழிலில் பழைய நோய். பெட்டியை எத்தனை இறுக்கினாலும் அது நிற்காது.

அந்த இரண்டு பலகைகளின் கொப்புளம் வேறு கதை. பூச்சுக்கு அடியில் உப்போ, பற்றவைக்க உதவும் ஃபிளக்ஸின் மிச்சமோ இருந்தால், பூச்சைக் கடந்து வரும் நீராவியை அது தன்பால் இழுத்துக் கரைசலாகி, பூச்சை அடியிலிருந்து தள்ளித் தூக்கும். சமையல் உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் தானே நீர்த்துப்போகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். கடலோரப் பட்டறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பற்றவைத்தால், பூச்சடிப்பதற்கு முன்பே பலகையில் உப்பு இறங்கிவிடும். வியர்த்த கை பட்டாலும் அதே கதைதான். பற்றவைத்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, பின் அயனி நீக்கிய நீரில் அலசி, 60 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, கை படாமல் அன்றைக்கே பூச்சடியுங்கள். எந்தச் செடியின் பூச்சானாலும் இந்த வேலைக்குப் பதிலாகாது.

9 | மூலக்கூறு

அலையாத்தி அவர்களின் கண்டுபிடிப்புக்குப் பிறகு படலத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் தலைப்பு அதுவென்பதால், பைகளுக்கான தாவரப் படலம் எந்த வழியில் முன்னேறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தாவரப் பலபடியை மட்டும் வைத்து 0.031ஐத் தொட முயல்கிறவர்கள் பெரும்பாலும் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வேலை செய்யும் வழி, தாவரப் படலத்தை உடலாக வைத்துக்கொண்டு, அதன்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் அலுமினியமோ அலுமினிய ஆக்சைடோ சிலிக்கான் ஆக்சைடோ படியவைப்பது. ஈரத்தைத் தடுப்பது அந்தக் கனிமத் தோல். படலம் அதைச் சுமக்கும் முதுகு. இதில் பி.எல்.ஏ.வுக்கு ஒரு தொல்லை உண்டு. அது 55 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆக்சைடை அடர்த்தியாகப் படியவைக்கத் தேவையான வெப்பத்தை அதற்குக் கொடுக்க முடியாது. படிந்த தோலும் பையை மடக்கும்போது கண்ணாடிபோல் விரிசல் விடும். தரநிலை கசக்கியபின் அளக்கச் சொல்வது இதற்காகத்தான். கரும்புச் சர்க்கரையிலிருந்து பெறும் பி.இ.எஃப். என்ற ஃபியூரான் பாலிஎஸ்டர் நீராவியைத் தடுப்பதில் பெட் பாட்டில் பிளாஸ்டிக்கைவிட இரு மடங்கு தேறும். நல்ல முதுகாக வரக்கூடியது, ஆனால் தனியாகப் பையாக முடியாது.

ஓட்டெண்ணெய் அவர்களிடம் ஒரு சிறு முரண்பாடு. ஆமணக்குப் பாலியுரிதேனில் பாதி ஆமணக்குதான். மறுபாதியான ஐசோசயனேட் பெட்ரோலிய வழி வந்தது. இறுகிய ரப்பர் மட்கவும் மட்காது. பிரேசிலில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள்; அதுவும் மூலக்கூறு அளவில் சாதாரணப் பாலித்தீனேதான், மண்ணில் அப்படியே கிடக்கும். 'தாவர மூலம்' என்பது கார்பன் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சொல். எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்வதல்ல. பண்ணையாளர் குழுவுக்கு இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது அலையாத்திக்கு நல்லது. மட்கும் பூச்சு என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வாங்கினால் பிறகு மனத்தாங்கல் வரும். மட்கக்கூடிய பூச்சு என்றால் குட்டையிலேயே மட்கத் தொடங்கும், அது யாருக்கும் வேண்டாம்.

10 | ஓட்டெண்ணெய்

ஒப்புக்கொள்கிறேன். எடைக்கணக்கில் பார்த்தால் கலவையைப் பொறுத்து ஆமணக்கின் பங்கு பாதியைச் சற்றுத் தாண்டும். அவ்வளவே சொல்ல உரிமை உண்டு. கடற்கரைக்காரன் அவர்கள் கேட்ட இரண்டு கிராம் கேள்விக்கும் என்னிடம் பெரிய விடை இல்லை. பட்டறையில் அக்ரிலிக்கின் கரைப்பான் ஆவியைச் சுவாசிக்கிறவர் அலையாத்தியின் தம்பி என்பதால், கரைப்பானே இல்லாமல் ஊற்றக்கூடிய கலவைக்கு மாறுவதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. ஆனால் ஐசோசயனேட்டும் சாதுவல்ல. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஈரமான நாளில் கலந்தால் நீரோடு வினைபுரிந்து நுரைத்துவிடும். ஆமணக்கெண்ணெயை முதலில் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டு, மழையில்லாத காலை நேரமாகப் பார்த்து ஊற்றுங்கள்.

11 | அலையாத்தி

செய்யப்போவதை எழுதிவிடுகிறேன். பலகைகளைக் கழுவி உலர்த்துவதற்கு ஒரு சிறு அடுப்பு வாங்கிவிட்டோம். அலுமினியப் பையைச் சில்லுகள் வந்து சேரும் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, முடிந்த கருவியை அட்டைப்பெட்டியில் அனுப்புகிறோம். பலகை முழுவதையும் பூசுவதற்குப் பதிலாக, கம்பி நுழையும் பகுதியை ஆமணக்குப் பாலியுரிதேனில் மூழ்கடித்து ஊற்றுவோம். மற்ற பகுதிக்கு 20 பலகைகளில் முந்திரி எபாக்சியும் 20 பலகைகளில் பழைய அக்ரிலிக்கும் பூசி, ஒரே குட்டையின் கரையில் மாட்டி மார்கழி வரை பார்ப்போம். பண்ணையாளர் குழுவுக்கும் பாதிப் பங்குதான் தாவரம், மட்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

ஊற்றுவதற்கு முன் கம்பியை என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தெளிவாகவில்லை. உறைக்கு மேலே கலவை பிடித்துக்கொண்டாலும், உறைக்குள் இழைகளுக்கு நடுவே நீர் ஏறத்தானே செய்யும்?

12 | ஈயப்பற்று

ஏறும். அதனால் கலவை நிற்கும் ஆழத்துக்குள் ஒரு விரற்கடை நீளத்துக்கு உறையை முழுதாக உரித்து, இழைகளை விரித்து, சால்டரை உருக்கி இழைகளுக்கு நடுவே இடைவெளியில்லாமல் ஊறவிடுங்கள். அந்த இடத்தில் கம்பி ஒரே உலோகத் தண்டாகிவிடும்; திரி அங்கேயே அறுந்துவிடும். ஃபிளக்ஸைக் கழுவியபின் அந்தத் தண்டைச் சுற்றி ஆமணக்குக் கலவை நேரடியாக உலோகத்தைப் பற்றும்படி ஊற்றுங்கள். முதல் கம்பியை ஊற்றி இறுகியதும் குறுக்கே அறுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் சால்டர் ஊறவில்லை என்று பொருள், மறுபடி சூடாக்குங்கள்.